கண்கள் தவிர

இல்லை, கண்களைக் கொடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமியார் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். உனக்குப் பூ வைக்க வந்திருந்தார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் கேட்டார். உங்க வீட்டுக்காரரோட உறுப்பெல்லாம் தானமாக் குடுத்தீங்களாமே, கண்ணு கூடவா என்று. ஆமாங்க என்றேன். யோசிக்கவே இல்லை. யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பாயில் உட்கார்ந்திருந்த நீ ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு தலையில் வைத்த பூவைச் சரிசெய்துகொண்டாய். அவர்கள் கார் ஏறிப் போன பிறகும் கேட்கவில்லை. ஐந்து வருடமாக நீ கேட்காமல் இருக்கிற விஷயம். அதனால் எழுதுகிறேன். பேசினால் மறுபடியும் எனக்குச் சாதகமாகப் பேசிவிடுவேன்.

இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. அப்பாவின் உறுப்புகளைக் கொடுத்ததற்காக எனக்குச் சால்வை போர்த்திய மன்றத்துக்காரர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மனைவியின் தியாகம் என்று தலைப்பும் அவர்களே தந்துவிட்டார்கள். தலைப்பை மாற்றிவிட்டு இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். நீ வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். முதலில் உன்னிடம்தான் வருகிறது.

உன் அப்பா விழுந்தது கம்பெனி டவுன்ஷிப்பில், நம் பிளாக் முனையில், இரண்டாம் ஷிப்டு பஸ்ஸுக்காக நின்ற இடத்தில். மதியம் ஒரு மணி வெயில். தலை ஒரு மாதிரியா இருக்குது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம். அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. இங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனோம். நானும் பக்கத்து வீட்டு செல்வி அக்காவும். சிதம்பரத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நீ, ஹாஸ்டலிலிருந்து புத்தகப் பையோடு நேராக வந்து சேர்ந்தாய். கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா ரயிலேறி வந்தார். நான்கு பேர். ஒரு நீளமான நடை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். மூன்று நாட்கள் எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் நம்மை உட்கார வைத்துச் சொன்னார். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துவிட்டார்கள். மூளை முழுதும் செத்துவிட்டது. இனி திரும்பாது. நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால். மெஷினை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் இதயமும் நின்றுவிடும். நீ ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டாய். நான் எதையும் கேட்கவில்லை. உள்ளே போய் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. வெளியே வந்ததும் செல்வி அக்கா, திருவதிகைக்காரர், எனக்காகவே பேசுவது போலச் சொன்னார். “மூச்சு வுட்டுகினு இருக்காரே, காலு சூடா இருக்குதே. இவங்க இன்னா பேசறாங்க?” அந்தக் கேள்வியை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். படித்த டாக்டர்கள் ஒரு பக்கம், ஒரு சூடான பாதம் ஒரு பக்கம். நான் பாதத்தின் பக்கம்.

அதன் பிறகுதான் அந்தப் பெண் வந்தார். ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்துக்காக வீட்டாரிடம் பேசுகிறவர். முப்பது வயது இருக்கும். எடுத்ததும் படிவத்தை நீட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் வேண்டாம் என்றேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவருக்கு அண்ணன் மேல் உயிர். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. “மைனி, உயிரு இருக்கும்போதே நீங்க கையெழுத்துப் போட்டா, வீட்டுக்காரங்களே நிறுத்திட்டாங்கன்னுதான் எழுதுவான். நாளைக்கு வாரிசு வேலைன்னு போய் நின்னா, ஃபைலத் தூக்கி மூஞ்சியில போடுவான்.” வேலையில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு வேலை. அந்தக் கணக்கு இந்த ஊரில் எல்லார் மனதிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. உறுப்பைக் கொடுத்தால் அது போய்விடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. அந்தப் பெண் அப்படி இல்லை என்று விளக்கினார். சித்தப்பா கேட்கவில்லை. நானும்தான். என் வேண்டாமுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நாகரிகமான காரணம். உன் எதிர்காலம்.

நீ அப்பாவின் பர்ஸைத் திறந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் அவர் அடையாள அட்டையைக் கேட்டார்கள் என்று எடுத்தாய். அதன் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள். டவுன்ஷிப்பில் நடந்த ஏதோ முகாமில் அவர் எழுதிக்கொடுத்த படிவத்தின் நகல். நான் இறந்த பிறகு என் உறுப்புகளைத் தர விரும்புகிறேன். கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சி, நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், என் கையெழுத்து. வால் நீண்ட என் கையெழுத்து. சந்தேகமே இல்லை.

டவுன்ஷிப்பில் ஒருவருக்கு மனைவியாக இருப்பது என்றால் பாதி வேலை கையெழுத்துப் போடுவது. உனக்குத் தெரியும். ஊருக்குப் போய்வரச் சலுகை, மருத்துவப் புத்தகத்தில் பெயர், நாமினி, குவார்ட்டர்ஸ் மாற்றம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டுத் தாளோடு வருவார். விரலை வைத்து இங்க, இங்க என்பார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போடுவேன். ஒரு தடவை அவரே கிண்டல் செய்தார். “படிக்காமப் போடுதியே, எவனாவது வீட்ட எழுதி வாங்கிட்டாம்னா என்ன செய்வ?” நான் விடவில்லை. “எந்த வீட்ட? ரிட்டயர் ஆனா சாவியத் திருப்பிக் குடுக்கணும்லா, அந்த வீட்டயா?” நெடுநேரம் சிரித்தார். அன்றைக்கு நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்றுதான் இதுவோ என்னவோ. தபால் வழியில் எம்.ஏ. முடித்தவள் நான். தலையணை அளவு நாவல்களை ஒரு வரி விடாமல் படித்தவள். அரைப் பக்கப் படிவத்தைப் படிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டையைத் தவிர்க்க அவருக்கு வழி தெரிந்திருந்தது. அது சரியான வழி இல்லை. இறந்தவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர் ஆசை நல்ல ஆசை. அதை என்னிடம் வாங்கிய விதம் நல்லதில்லை. இரண்டும் உண்மை.

நீ அந்தத் தாளை என்னிடம் நீட்டினாய். “அம்மா, இதுல நீயும் போட்டிருக்க.” உன் குரலில் ஒரு வெளிச்சம் இருந்தது. முடிந்துவிட்டது, இனி யாரும் பேச முடியாது என்கிற வெளிச்சம். நான் தாளைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்றேன். என்னன்னு தெரியாமப் போட்டேன் என்றேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதை நான் என்றைக்கும் மறக்கப் போவதில்லை. ஏமாற்றம் இல்லை அது. நீ எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாய்.

சித்தப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. “பாத்தியா பிள்ள? தெரியாமப் போட்டது. செல்லாது.”

“ஆமா சித்தப்பா” என்றாய். “செல்லாது.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நீ தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து பர்ஸுக்குள் வைத்தாய். அந்தப் பெண்ணிடம் திரும்பி, அம்மா போட்ட சாட்சிக் கையெழுத்தை வைத்து எதுவும் பேச வேண்டாம் என்றாய். அவரும் அது வெறும் விருப்பம்தான், சம்மதம் இப்போது நீங்கள்தான் தர வேண்டும் என்றார். நீ ஆஸ்பத்திரிப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்காராமல், என் காலடியில் தரையில் உட்கார்ந்தாய். “நான் படிக்கிறேன். நீ கேளு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நான் மறுபேச்சு பேச மாட்டேன்.”

இருபது வயது உனக்கு. அப்பா உள்ளே கிடக்கிறார். அவர் ஆசை என்னவென்று உன் கையில் எழுத்தில் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, நீதானே போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இணங்கியிருப்பேன். உன் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். நீ கேட்கவில்லை. நல்ல காரியமாக இருந்தாலும் தெரியாமல் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. உன் அப்பாவும் இல்லை. எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வருடமாக அதை நினைத்துப் பெருமைப்படுகிறேன். சால்வைக்கு இல்லை. இதற்கு.

நீ படித்தாய். நிதானமாக. மூளைச்சாவு என்ற இடத்தில் நிறுத்தி, டாக்டர் சொன்னதை இன்னொரு முறை சொன்னாய். கால் சூடாக இருப்பது எதனால் என்று செல்வி அக்காவுக்கும் சேர்த்துச் சொன்னாய். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு உறுப்புகளின் பெயர்கள். சிறுநீரகங்கள் என்றாய். நீ அடுத்ததுக்குப் போகவில்லை. காத்திருந்தாய். வார்டிலிருந்து யாரோ ஒரு தள்ளுவண்டியை எடுத்துப் போனார்கள். சரி என்றேன். கல்லீரல். சரி. இதயத்துக்கு நெடுநேரம் ஆனது. நீ என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பார்வை என்னை நெருக்கிவிடக் கூடாது என்று. அது எனக்கு அப்போதே புரிந்தது. சரி என்றேன். கண்கள் என்றாய்.

வேண்டாம் என்றேன்.

“அம்மா, கருவிழிய மட்டும்தான் எடுப்பாங்க. இமை மூடித்தான் இருக்கும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” ஒரே முறை சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். ஊரிலிருந்து முகம் பார்க்க வருவார்கள், முகம் முகமாக இருக்க வேண்டும் என்றேன். நீ பேனாவைத் திறந்து அந்த இடத்தில் எழுதினாய். கண்கள் தவிர. குண்டு குண்டான எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. உனக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போது கண் தானத்துக்காகப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவள் நீ. உன் அப்பாவின் தாளில் கண்தான் முதலில் இருந்தது. அவர் ஆசைக்கும் உன் ஆசைக்கும் எதிராக, என் வார்த்தையை, நான் சொன்னபடியே எழுதினாய். படிவத்தை என் மடியில் வைத்தாய். நான் படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். முகம் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சும்மா. உள்ளே அவர் இமை முழுதாக மூடாமல் இருந்தது. நர்ஸ் அவ்வப்போது வந்து மருந்து விட்டு மூடிவிடுவார். நான் போகும்போது கீழே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் வழியாக என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மற்ற எல்லா உறுப்பிலும் அவர் இறந்துவிட்டார் என்று நம்பிவிட்டேன். கண்ணில் நம்ப முடியவில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஊரை இழுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ என்னைக் கட்டாயப்படுத்த மாட்டாயா என்று உள்ளுக்குள் ஏங்கினேன். கட்டாயப்படுத்தியிருந்தால் கண்களும் போயிருக்கும், பழியும் உன் மேல் போயிருக்கும். வாழ்நாள் முழுதும், நானா செய்தேன், என் பெண் செய்தாள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வசதியை நீ எனக்குத் தரவில்லை. என் சரி என்னுடையது. என் வேண்டாமும் என்னுடையது. சில மாதங்கள் உன் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தியதெல்லாம் அதுதான்.

சித்தப்பா பயந்தது நடக்கவில்லை. நீ படித்துக்கொண்டிருந்ததால் வாரிசு வேலை எனக்கு வந்தது. இப்போது நான் உட்காரும் மேஜைக்குத்தான் அந்த நாமினி, குவார்ட்டர்ஸ் படிவங்கள் எல்லாம் வருகின்றன. சில பேர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். விரலை வைத்து இங்க, இங்க என்பார்கள். நான் படிவத்தை இழுத்துக்கொள்வேன். படிச்சிட்டுப் போடுங்கம்மா, நான் எங்கயும் போகல என்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மேடத்துக்கு வேற வேலை இல்ல போல என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். இதுதான் வேலை என்றேன்.

மூன்று பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் சொன்னார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. ஊரில் அந்த மூன்று வளர்ந்துவிட்டது. ஐந்து என்றார்கள், ஏழு என்றார்கள், கண்ணும் சேர்ந்துகொண்டது. சால்வை போர்த்திய அன்று மேடையில் கண்கள் உட்பட என்று வாசித்தார்கள். நான் திருத்தவில்லை. முன் வரிசையில் நீ கைதட்டிக்கொண்டிருந்தாய். அந்த வார்த்தை வந்ததும் உன் கை நின்றது. பிறகு மறுபடி தட்டினாய். என்னை விட்டுக்கொடுக்காமல். அதற்காகவும் பெருமைப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்க்கு நீ துணை நிற்கும்படி வைத்துவிட்டேன். மன்னித்துவிடு. போகிற வீட்டில் எனக்காகக்கூட அப்படித் துணை நிற்காதே.

இன்று காலை உன் மாமியாருக்குப் போன் செய்தேன். கண்களைக் கொடுக்கவில்லை, அன்று பொய் சொன்னேன், கொடுக்க வேண்டாம் என்றதும் நான்தான் என்றேன். சம்பந்தமே போய்விட்டது என்று நினைத்தேன். அவர் பண்ருட்டிக்காரர், முந்திரிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து பழகிய குரல். “நானா இருந்தா ஒண்ணுமே குடுத்திருக்க மாட்டேங்க. கதவ சாத்திகினு உக்காந்திருப்பேன்.” அப்புறம், பொண்ணு அன்னைக்கு என்ன செஞ்சுது என்று கேட்டார். படிச்சுக் காட்டுச்சு என்றேன். அவ்வளவுதான் பேசினோம். உன்னைப் பற்றி அவருக்கு நான் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். போதும் என்று நினைக்கிறேன்.

உனக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. அந்த வீட்டில் உன்னிடம் நிறைய ஆமாம்கள் கேட்பார்கள். அன்பாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால், காரணம் வெட்கக்கேடாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல். பிறகு நீயே மாறலாம். நான் மாறிவிட்டேன். என் கண்களை எடுத்துக்கொள்ளட்டும். இதை எழுத்திலும் கொடுப்பேன், ஆனால் அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டியவள் நீ. உனக்கு முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நான் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து, இன்னும் அரை மணியில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவோம் என்றார். சித்தப்பா நடையின் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நீ கொஞ்சம் இரும்மா என்று கீழே போனாய். திரும்பி வந்தபோது கையில் ஒரு ரேசர், ஒரு சின்ன கிரீம் டியூப், பஞ்சு. முகம் பார்க்க வருவார்கள் என்று நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாய். நர்ஸிடம் கேட்டாய். அவர் டாக்டரைக் கேட்டு வந்து, குழாயைத் தொடாமல் செய்யுங்கள் என்றார். அப்பாவுக்கு மூன்று நாள் தாடி, பாதி வெள்ளை. நீ யாருக்கும் சவரம் செய்து பார்த்தவள் இல்லை. இடது கன்னத்தில் ஆரம்பித்தாய். பிளாஸ்திரியின் ஓரம் வரை வந்து நிறுத்தி, மோவாய்க்குப் போனாய். நான் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. பஞ்சை நனைத்து முகத்தைத் துடைத்தாய். பிறகு வெளியே வந்து, இனி அழைத்துப் போகலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாய்.